உறுப்பினர் பேசியதாவது

அவர் "நான்" என்றால்
நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும்.
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது,
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.
அதனால் அவைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள்,
காதை அமுக்கும் கருவியோடு
ஐந்து வருஷம்
நான் அமலோற்பவமாக இருந்தேன்.

கரோல்பாக்கில் பிறந்தவள். உப்பளம் பார்த்ததில்லை.
ஆனாலும் என் குதிகாலில் வெடிப்பு இருந்தது.
பங்குனி வெயிலில் பாத்தி மிதித்தேன்.
ஒன்பதாம் மாதம் வரை தலையில் பெட்டி சுமந்தேன்.
எல்லாம் நல்ல ஆங்கிலத்தில்,
அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றி,
இடையில் வெந்நீர் குடித்து.

பூஜ்ய நேரத்தில் பதினொரு முறை பேசினோம்.
மூன்று நிமிஷம் என்று சீட்டு, இரண்டில் மணி.
பட்ஜெட் விவாதத்தில்
கட்சிக்கு விட்ட நேரத்தைப் பெரியவர்கள் தின்றது போக
மிச்சம் நாலு நிமிஷம்.
ஒருமுறை அதுவும் இல்லை. எழுதி மேசையில் வைத்தார்,
படித்ததாகக் கொள்ளப்பட்டது.
எப்போதும் அதே மூன்றுதான் கேட்பார்:
கறுப்புக் கண்ணாடி, முழங்கால் பூட்ஸ்,
பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு.

"உப்புக்கு அதிகாரி ஜெய்ப்பூர்ல இருக்காரு,
அங்க கடல் எந்தப் பக்கம்?"
சிரிப்பு இரண்டு தடவை வந்தது.
தமிழ் தெரிந்த வரிசையில் உடனே,
மற்ற வரிசைகளில்
நான் சொல்லி முடித்து மூன்று விநாடி கழித்து.

முதல் வருஷம் ஒரு பிழை செய்தேன்.
"வெள்ளையவே பாத்துப் பாத்து
எங்க பொம்பளைங்களுக்குக் கண்ணு பூத்துப் போச்சு" என்றார்.
மலர்ந்தன என்று போட்டுவிட்டேன்.
டெல்லித் தமிழ், வேறென்ன சொல்ல.
அமைச்சர் புன்னகைத்துத் தலையசைத்தார்.
அச்சிலும் ஏறிவிட்டது.
எடுத்துப் பாருங்கள்,
அந்தக் கோடையில் என் தொகுதியில்
எல்லாக் கண்களும் மலர்ந்திருக்கின்றன.

திருத்தம் கேட்டு எழுதினேன்.
காலம் கடந்தது என்று ஒரு வரி வந்தது.

கடைசி வருஷம், டிசம்பர், வெள்ளிக்கிழமை,
தனிநபர் மசோதா.
பனிமூட்டத்துக்குப் பயந்து பாதிப்பேர்
மதியமே விமான நிலையம் போய்விட்டார்கள்.
அவையில் பதினேழு பேர், அதில் இரண்டு உறக்கம்.
அவர் எழுந்து தாளைப் பிரித்து
முதல் பக்கம் முடிக்கவில்லை,
"கோரம் இல்லை" என்றார் ஒருவர்.
அவர் சொன்னது ஆங்கிலக் கோரம்.

மணி நீளமாக அடித்தது.
ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது.
என் காதில் வெறும் இரைச்சல்.
அவர் நிறுத்தவில்லை.
கண்ணாடி வழியே உதடு தெரிந்தது,
குவிந்தது,
பூ என்று இன்னும் குவிந்தது.

சொன்னேன்.
இம்முறை சரியாகச் சொன்னேன்:
பார்த்துக்கொண்டே இருந்ததால் பார்வை போன கண்,
நாற்பது வயதில் பேரனை வாசனையால் அறியும் கண்.
என் ஒலிவாங்கியை அணைக்க
யாருக்கும் தோன்றவில்லை.
காலி இருக்கைகளில் தொங்கிய காதுக்கருவிகள்
ஆங்கிலத்தில் முணுமுணுத்தன.

பதிவேட்டில் அந்த இடத்தில்
அவை ஒத்திவைக்கப்பட்டது, மணி 4.12.

லிஃப்டில் ஒரே ஒரு முறை பார்த்தேன்.
கையில் கோப்பு, டிபன் பை, நனைந்த சால்வை.
என் கழுத்தில் தொங்கிய அட்டையை
எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் படித்தார்.
"நீங்கதானா அந்த நான்?"

ஆமாம் என்று வாயெடுத்தேன்.
பழக்கம்,
மூன்று விநாடி ஆயிற்று குரல் வர.
அதற்குள் கீழ்த்தளம் வந்து
யார் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.